ஏழில் மூன்று கைகள்

பிப்ரவரி. மேய்ன் மாநிலம். ஜன்னலில் பாதிவரை பனி.
மேசையைச் சுற்றி நாங்கள் ஏழு பேர்,
ஆறிப்போன காபி, யாரும் தொடாத ஒரு டோனட்.
நிரப்ப வேண்டியது இன்னும் ஒரே ஓர் இடம்.

நானூற்றுப் பன்னிரண்டாம் கோப்பை
லீலண்ட் பெல்லட்டியர் வாசித்தார்:
லூயிஸ்டன் நகரம். அரசுப் பள்ளி. கணக்கில் சுமார்.
இனம் கேட்கும் கட்டத்தை
இப்போதெல்லாம் எங்கள் கண்ணில் காட்டுவதில்லை.
பெயர் மட்டும் எப்படியும் கசிந்துவிடுகிறது:
இஃப்ரா வர்சாமே.

கட்டுரை ஒன்றரைப் பக்கம்.
அதில் போர் இல்லை, முகாம் இல்லை,
நாங்கள் எதிர்பார்த்துப் பழகிய எதுவுமே இல்லை.
முதியோர் இல்லத்தின் சலவை அறையைப் பற்றி எழுதியிருந்தாள்.
சனி ஞாயிறுகளில் அங்கே வேலை.
ஒவ்வொரு சட்டைக் காலரிலும்
சின்னதாய் ஒரு பெயர்த்துணி தைத்திருக்குமாம்.
ஆள் இறந்தால் தையலைப் பிரித்துவிட்டுச்
சட்டையைப் பொதுக் கூடையில் போட வேண்டும்.
"பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் நிற்கும்.
அடுத்து உடுத்துபவருக்கு அது தெரியாது.
எனக்குத் தெரியும்."
அவ்வளவுதான். அதோடு நிறுத்தியிருந்தாள்.

முடிவுரை இல்லையே என்றார் ஒருவர்.
அவளுக்கு இங்கே கஷ்டமாக இருக்குமே என்றார் இன்னொருவர்.
கரிசனம் போலவேதான் ஒலித்தது.

பிறகு நானூற்றுப் பதின்மூன்று.
வயோலா. படகோட்டம்.
கோஸ்டா ரிகாவில் கடலாமைகளைக் காப்பாற்றிய ஒரு கோடை.
நல்ல பையன். உண்மையிலேயே நல்ல பையன்.
ஆமைகளைக் காப்பாற்றியவர்கள்
எங்கள் பட்டியலில் ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள்.
வர்சாமேவுக்கு மூன்று.
நான்காவது என்னுடையதாக இருந்திருக்கலாம்.
அது மேசைக்கடியில்
கார் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது.
மணி ஆறே கால். பனி கூடுவதற்குள் வீடு போய்ச்சேர வேண்டும்.
இதைவிட மோசமான காரணம் ஏதாவது இருந்திருந்தால்
வருந்தவாவது வசதியாக இருந்திருக்கும்.

அக்டோபரில் ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
பாடம்: முதுமையும் பொதுக் கொள்கையும்.
படுக்கைகளின் எண்ணிக்கை, ஆள்வீதச் செலவு, வரைபடம்.
பேராசிரியர் ஆக்னஸ் திபடோ கேட்டார்:
"இதில் எதை எண்ணாமல் விட்டிருக்கிறோம்?"
பதினாறு பேர். பதினாறு மடிக்கணினிகள்.
ஆமைப் பையன் வரி விகிதம் பற்றி அழகாகப் பேசினான்.
மற்றவர்கள் தலையசைத்தார்கள்.
பதினொரு நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

யாரும் தவறாக ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் உறுத்தியது.
அறையில் இல்லாதவள் கேட்காத கேள்வியை
வருகைப் பதிவேட்டில் எங்கே குறிப்பது?
வெளியே மேப்பிள் இலைகளின் விதவித நிறங்களைக்
கல்லூரியின் விளம்பரக் கையேட்டுக்காக
ஒருவர் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் வேறெங்கோ படிக்கிறாள். நன்றாகவே படிப்பாள்.
அவளுக்காக இரக்கப்பட நான் யார்?
இழந்தது இந்த அறை.

அன்றிரவு என் சட்டையைக் கழற்றிக் காலரைப் புரட்டினேன்.
பழந்துணிக் கடையில் நாலு டாலருக்கு வாங்கியது.
விளக்கருகே பிடித்துப் பார்த்தேன்.
துளைகளா, வெறும் நெசவா, தெரியவில்லை.
பார்க்கத் தெரிந்தவர்
பக்கத்தில் யாரும் இல்லை.