மைனஸ் இருபது

கிருஷ்ணகிரியில் பனிமலை கிடையாது.
ஆகவே ஒரு மாங்கூழ்க் கிடங்கின் உறைகுளிர் அறையில்
மாதம் பதினெட்டாயிரத்துக்கு
ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்தோம்.

இந்தப் பக்கம் பெங்களூரா, அந்தப் பக்கம் அல்போன்சா,
கூரை முட்டும் நீல டிரம்கள்.
நடுவில் மடக்கு மேசைமேல்
எங்கள் பறவையின் மூளை:
உள்ளங்கையளவு பச்சைப் பலகை.
குளிரை நிஜமாகக் கொடுத்தோம்,
மெலிந்த காற்றை மட்டும்
கணினியில் பொய்யாக எழுதினோம்.

மேற்பார்வையாளர் முனிவெங்கடப்பா
தன் கம்பளிக் குல்லாயை எனக்குக் கழற்றித் தந்தார்.
என்ன பொருள் என்று கேட்கவில்லை.
'கசியுமா?' என்றார்.
'எக்ஸ்போர்ட் சரக்கு சார். வாடை ஏறினா பார்ட்டி திருப்பி அனுப்பிடுவான்.'
கசியாது என்றேன்.

முதல் இரவு
மைனஸ் பதினொன்றில்
வடக்கு எது என்பதை அது மறந்தது.
மறுவாரம் பதினாலில்.
அதற்கடுத்த வாரம் மறுபடி பதினொன்றில்.
அப்ரார் தன் கைக்குள் வைத்து ஊதி ஊதி
காய்ச்சல் பிள்ளையைப்போல் அதை எழுப்பினான்.

வெளியே, சூளகிரிப் பக்கம் வற்றிய ஏரியில்
ஆறு முறை பறந்தது,
ஆறு முறை விழுந்தது.
நான்காவது தடவை
எல்லம்மாவின் தக்காளிக் கொடிகளுக்கு மேல்.
குச்சிகள் சாய்ந்தன, இரண்டு பாத்தி நாசம்.
நட்டஈட்டு வவுச்சரில்
'விழுந்த பொருள்' என்றொரு கட்டம்.
ரகசியம், எழுதக் கூடாது என்றது அக்கவுண்ட்ஸ்.
'பட்டம்' என்று எழுதினேன்.
எல்லம்மா வாசித்துப் பார்த்துச் சிரித்தாள்.
'இம்மாம் பெரிய பட்டத்துக்கு
நூலு யாரு கையில இருக்குது?'

அதைத்தான் டெல்லியின் படிவமும் கேட்டது,
வேறு வார்த்தைகளில்:
உள்நாட்டுப் பங்கு எத்தனை விழுக்காடு?

இறக்கை ஓசூர்.
திருகாணி கோயம்புத்தூர்.
விசிறி, அப்ரார் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து
நகம் போன விசிறி, நம்முடையதுதான்.
மோட்டாருக்குள் இருக்கும் காந்தம்
எந்த எல்லையைக் காவல் பார்க்க இதைச் செய்கிறோமோ
அந்த எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது.
தையில் அவர்கள் அனுப்புவதை நிறுத்தினார்கள்.
மாசி முழுக்க நாங்கள் நின்றோம்.
பழைய மோட்டார்களை உடைத்து
அரிசியில் கல் பொறுக்குவதுபோல் காந்தம் பொறுக்கினோம்.

பங்குனியில் ஓர் அதிகாலை மூன்று மணி.
மைனஸ் இருபது.
நாற்பத்தொரு நிமிடம்
வடக்கு வடக்காகவே இருந்தது.
கத்தலாம் என்று வாய் திறந்தான் அப்ரார்,
வெறும் புகைதான் வந்தது.
முனிவெங்கடப்பா கொண்டுவந்த டீ
கைக்கு வருமுன் ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.

அன்று காலையே புது வரைபடம் வந்தது.
போன வரைபடத்தில் கேமரா மட்டும்.
இதில் இறக்கைக்கு அடியில்
பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கி.
ஒவ்வொன்றும் நாலு கிலோ தாங்க வேண்டும்.
எதை என்று போடவில்லை.
'தக்காளி' என்றான் அப்ரார்.
இரண்டு பேருமே சிரிக்கவில்லை.
முனிவெங்கடப்பாவின் குல்லாய்
இன்னும் என் தலையில் இருந்தது.

கம்பெனி ஜீப் பேட்டரி இறங்கிக் கிடந்தது.
பலகையைத் துண்டில் சுற்றி, டப்பாவில் வைத்து
ஓசூர் பஸ்ஸில் மடியோடு பிடித்திருந்தேன்.
குருபரப்பள்ளி தாண்டியதும்
மூடி ஓரம் வேர்த்தது,
பஸ் முழுக்க மாம்பழ வாசம்.

பக்கத்து சீட்டில் பூக்கூடைக்காரர்
எட்டிப் பார்த்தார்.
'மாம்பழமா? சீசனே வரலியே.'

ஆமாங்க என்றேன்.
இன்னும் பழுக்கல.