தனக்கா பூசிய கன்னம்

மோல்மேன் படித்துறை, மாலை ஐந்தேகால்.
முதுகுக்குப் பின்னால் ஆறு
ஈயமாய்க் கொதிக்க
பஜ்ஜிச் சட்டியோடு நிற்கிறாள்,
அடையாள அட்டையில் டோ கின் மியா,
வீட்டில் பொன்னழகு.

சட்டகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தது கேமரா:
ஆறு அழகு. அவள் கரித்துண்டு.
நடுவை மட்டும் நம்பச் சொன்னேன்:
எண்ணெய்ப் புகைக்குப் பாதி, அவளுக்குப் பாதி.
புள்ளியைக் கன்னத்தில் வைத்தேன்,
தனக்கா காய்ந்த வெளுப்பில்.
எதைக் காட்டினாலும் சாம்பல் என்றே
சாதிக்கும் கருவி;
வெளுப்பைச் சாம்பலாக்கி
அவளை இன்னும் இருட்டில் தள்ளியது.

"இன்னும் எத்தனை? வாழைக்காய் கருகுது."

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
பார்த்தாள். சிரிக்கவில்லை.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
இடக் கன்னத்தில் ஒரு பொத்தான் அகலம்
தேய்த்துத் துடைத்தாள்.
"இதுதான் நான். இங்கே அள."

அளந்தேன். அறுபதில் ஒன்று, எஃப் நான்கு.
கருப்பு கருப்பாகவே வந்தது,
கண்ணோரச் சுருக்கத்தோடு.
பின்னால் ஆறு வெளிறிக் காணாமல் போனது,
இரண்டு படகுகளும் எதிர்க்கரைத் தீவும் அதோடு.

படகுகளைத் தேடி
இதுவரை யாரும் வரவில்லை.
மகன் மட்டும் கோலாலம்பூரிலிருந்து கேட்டானாம்:
கன்னத்தில் என்னம்மா,
காயமா?