மூன்றாம் கவுண்டர், கல்முனை

கசங்கிய துண்டில் பத்து இலக்கம்.
சுலைஹா உம்மா நீட்டுகிறா.
குவைத்தில் மகள் அடுப்படி துடைத்த மாதம்
திரையில் ஏறுகிறது:
எண்பத்தேழாயிரத்துச் சொச்சம்.

அதே மகள், அதே எண்பது தினார்.
நாலு வருஷத்துக்கு முந்தி
இதில் பாதியைத்தான் எண்ணிக் கொடுத்தேன்.
"கூடித்தானே இரிக்கு மகன்,
ஏன் பால்மாக்குக் காணாது?"
நான் நோட்டை இரண்டாம் தரம் எண்ணினேன்.

அடுத்தது களுவாஞ்சிகுடி யோகசிகாமணி.
சூரிச் காசு எடுக்கப் பதினோரு வருஷம் வந்தவர்,
மாடிக்குக் கம்பி விலை கேட்டவர்.
இன்றைக்கு அனுப்ப வந்திருக்கிறார்.
மகனுக்கு வேலை போயிற்றாம்.
துறைநீலாவணையில் ஒன்றரை ஏக்கர் விற்றாராம்.
அனுப்ப எல்லை உண்டு என்றேன்.
"எல்லை மட்டும் போடு மனே."

காரணம் என்ற கட்டத்தில்
'குடும்பச் செலவு' என்று எழுதினார்,
சுலைஹா உம்மாவின் மகள்
குவைத்தில் எழுதுகிற அதே இரண்டு சொல்.

வருஷக் கடைசியில் தலைமையகம்
ஒரு வரைபடம் அனுப்பும்.
பணக்கார நாடுகளுக்கு நீலக் கோடு,
எங்களுக்குச் செம்மஞ்சள்.
பெற்ற பணம் மட்டும் அதில் ஏறும்,
யார் கொடுத்தது என்று இராது.

இந்த முறை நீலம்
ஒரு மயிரிழை உயர்ந்தால்
அதற்குள் வரம்பும் வாய்க்காலும் இருக்கும்.