உள்ளே ஒன்றும் இருக்காது

வுப்பர்டாலில் வாடகை வீட்டுக்கு அடுப்படி வராது.
சுவரில் மூன்று துளை, கூரையில் இரண்டு வயர்,
மீதி உன் பாடு.
கணினி மட்டும்
குடித்தனக்காரனோடுதான் வருகிறது.

"ஆளில்லாத ஒன்று வேண்டும்" என்றேன்.
கடைக்கார டெட்லெஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"உள்ளே ஒன்றும் இருக்காது, தெரியுமா?
செத்துப்போச்சு என்று
மறுநாளே தூக்கிக்கொண்டு வருகிறார்கள்."
எண்பத்தொன்பது யூரோ குறைத்து,
எல்லாம் சொல்லியாயிற்று என்று ஒரு தாளில்
கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

தலைக்கு மேல் தொங்குரயில் கிரீச்சிட்டுப் போக
முட்டை மாதிரி அணைத்துப் பிடித்து நடந்தேன்.

திறந்தால் கறுப்பு.
மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு
மினுக்கியது, அணைந்தது, மினுக்கியது,
அவசரமில்லை என்பதுபோல.
ஒற்றை மின்னடுப்பில் கஞ்சி கொதிக்க
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுபாங்கனின் கணினியில்
ஒன்பது வருடம் என் பெயர் 'விருந்தாளி'.
ஒரு தமிழ் எழுத்துரு போடவேண்டுமென்றாலும்
அவன் வந்து
முதுகால் விசைப்பலகையை மறைத்துத்
தட்டிவிட்டுப் போவான்.

வேலையிடத்துப் பெட்ரா தந்த யூ.எஸ்.பி. குச்சியைச் செருகினேன்.
மொழி கேட்டது. ஊர் கேட்டது.
நிர்வாகியின் பெயர் என்ன என்றது.
நிறோஜினி என்று தமிழில் எழுத, ஏற்கவில்லை;
ஆங்கிலத்தில், அதுவும் சின்ன எழுத்தில் வேண்டுமாம்.
சரி, அதற்கென்ன.

கடவுச்சொல் என்றது.
மறுபடியும் ஒருமுறை என்றது.

அறையில் இன்னும் நாற்காலிகூட இல்லை.
ஆனாலும்
இடக்கையால் மறைத்துக்கொண்டுதான் தட்டினேன்.