சர்க்கரைக்கொல்லி

கீழமாசி வீதிக் கடையில்
நோயின் பேரை யாரும் சொல்வதில்லை.
செடியின் பேரைச் சொல்கிறார்கள்.
முடக்கத்தான் கால் கிலோ என்பவரை
படியேறும்போதே பார்த்துவிடுகிறேன்,
இடது கால் முன்னே,
வலது கால் யோசித்து.
ஆடாதோடை கேட்பவர்
கேட்டு முடிக்குமுன் இருமுகிறார்.
அமுக்கராவுக்கு மட்டும்
"ஊர்ல ஒருத்தருக்கு" என்று ஒரு முன்னுரை.
நான் எந்த ஊர் என்று கேட்பதில்லை.
நிறுத்துப் பொட்டலம் கட்டி ரசீது போடுகிறேன்.

கீழாநெல்லி காட்டுச் சரக்கே இல்லை.
இலைக்கு அடியில் காய்களை வரிசையாக ஒளித்துவைத்துக்கொண்டு
கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரமே முளைக்கிறது.
மஞ்சள் ஏறிய கண்ணோடு அதைத் தாண்டி வந்து
என்னிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.
சொல்லலாம்தான்.
சாக்கடைத் தண்ணியை நினைத்துச் சொல்வதில்லை,
முதலாளியை நினைத்தும்.

சனிக்கிழமை சாப்டூர் பஸ்ஸில் மாசானம் வருவார்.
நாலு சாக்கு.
செக்போஸ்ட்டில் அவிழ்த்துக் கட்டியதில்
முடிச்சு மட்டும் வேறு யாருடையதோ.
நன்னாரி வேரை மண்ணோடு கொண்டுவருவார்.
தட்டினால் எடை குறையும் என்று அவருக்குக் கவலை,
தட்டாவிட்டால் எனக்கு ஏச்சு.

சிறுகுறிஞ்சான் சாக்கைக் கட்டாயம் சோதிப்பேன்.
அதே சாயலில் வேறு கொடிகளும் உண்டு.
ஒரு இலையை மென்று துப்பிவிட்டு
நாக்கில் சீனி வைத்தால்
மணலாக இருக்க வேண்டும்.
அதுதான் அசல்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை
நான் மென்றுகொண்டிருக்கும்போதே
மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு டப்பா எடுத்தார்.
"பேச்சியம்மாளுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருச்சு தாயி.
பேரையூர்ல வாங்குனேன், மைசூர்பாகு."
ஒரு துண்டை வாயில் போட்டேன்.
நெய் வாசம் மூக்கில் ஏறியது.
நாக்கில்
வைகை.
தண்ணி இல்லாத வைகை.

அவர் கால் பெருவிரலில் கட்டு,
ஆவணியிலிருந்து ஆறாத புண்.
சட்டைப்பையில் பெரியாஸ்பத்திரிச் சீட்டு,
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
பதினெட்டு வருசமாக
ஊர் சர்க்கரைக்கெல்லாம் இலை பறிக்கிறவர்.

"நீங்க திங்கலையா?"
"நமக்கு ஆகாது.
எப்படி இருக்கு, நீ சொல்லு."

சொன்னேன்.
கடலைமாவு பக்குவமா வறுத்திருக்கு,
பல்லுல ஒட்டல,
மொதல்ல நெய்தான் தெரியுது,
இனிப்பு பின்னால மெதுவா வருது,
தொண்டைக்குள்ள இறங்குறப்ப
இன்னொரு தரம் இனிக்குது.
ஒவ்வொரு பல்லாகத் தேடித் தேடிச் சொன்னேன்.
அவர் கேட்டுக்கொண்டே எச்சில் விழுங்கினார்.
"கொஞ்சம் திகட்டுதோ?" என்றார்.
"லேசா" என்றேன்.

பிறகு ரசீது எழுதினேன்.
சிறுகுறிஞ்சான் பன்னிரண்டு கிலோ, அசல்.
நன்னாரியை
அன்றைக்குத் தட்டவில்லை.