கையை எடு

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு ஓரம்,
தூங்குமூஞ்சி மரத்தில் நாற்பதடிக்கு மேல் கூடு.
ராத்திரி ரெண்டு மணி.
மணலிப் பக்கம் புகைக்குழாயின் உச்சியில் தீ.
அந்த வெளிச்சம் போதும்.

அடையை அறுத்தேன். வாளிக்குத் தப்பி
ஒரு கை தேன் கயிற்றில் வழிந்தது.
கவனிக்கவில்லை.

இறங்கக் கைப்பிடியை அழுத்தினேன்.
விட்டேன்.
விட்ட பிறகும் இறங்கினேன்.
பல்லில்லாத வாயாய் டிசெண்டர்
கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

ரெண்டாம் கயிறு வேறு கிளையில்.
அதில் மூணு சுத்துச் சுத்தி
இடுப்போடு கோத்திருந்தேன்,
காசிமேட்டு வலைக்கடையின் ஆறு மில்லிக் கயிறு.
விழுகிறவன் எதைப் பிடிப்பான்?
அந்த முடிச்சைத்தான்.
பிடித்தால் அது கவ்வாது. கூடவே வரும்.
தெரியும். போன வாரம்கூட
ஒரு பையனுக்குச் சொன்னேன்.

"கைய எடுடா!"
கீழே டார்ச்சோடு ரோஸ்லின்.
"டேய், கைய எடு!"

விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்ததா,
ஒரேயடியாகவா, நினைவில்லை.
முடிச்சு இறுகியது.
வேகன் கூரை உயரத்தில்
தலைகீழாய்த் தொங்கினேன்,
நெற்றியில் தேன் சொட்ட, காதுக்குள் ஒரு தேனீ.

கழுவிப் பார்க்கலாம் என்றேன் காலையில்.
அவள் பேசவில்லை.
ரெண்டு கயிற்றையும் முழம் முழமாய் வெட்டி
வாசலில் போட்டாள்.
பத்து மணிக்குள் எறும்பு வந்துவிட்டது.