நீல மூடி

பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார்,
"என்ன சாலம்மா, பெட்டியில தயிரா?"
ஆமாம் என்பேன்.
ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பதினாலு வீட்டு மலம்.
நீல மூடி. பேர் கிடையாது, எண் மட்டும்.
இண்டூர்ப் பக்கம் வண்டி குலுங்கினால்
மடியோடு அணைத்துக்கொள்வேன்,
ஊசி போட்டுக்கொண்ட பிள்ளையைப் போல.

இருபத்தாறு வருஷம்.
என்னை வேலைக்குச் சேர்த்த அன்று
டாக்டர் தீர்த்தகிரி கேட்டது ஒன்றுதான்:
"இதைப் போய்க் கேக்கக் கூச்சமா இருக்குமா?"
இருந்தது.
ஏரியூரில் ஒருத்தி நாயை அவிழ்த்துவிட்டாள்.
பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கெழுதுகிறவர்
"இன்னிக்கு வரல, நாளைக்கு வா" என்று
பதினோரு நாள் சொன்னார்,
பன்னிரண்டாம் நாள் அழுதார்.
நாளுக்கு இருபது தடவை ஓடுகிற மனுஷன்,
ரத்தமும் சளியுமாக.
பெண்டாட்டியிடம் மூலம் என்றே சொல்லி
ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்.

காவலுக்கு வைத்தவன்
வீட்டுக்காரனையே திருடன் என்று அடிக்கிற நோய் இது என்பார் டாக்டர்.
"களி தின்கிற வயித்துக்கு இதெல்லாம் வராதுய்யா,
வெள்ளைக்காரன் வியாதி" என்று
சென்னையிலிருந்து வந்த பெரிய டாக்டர் சிரித்தார்.
இவர் பதில் பேசவில்லை.
இன்னும் இருநூறு டப்பாவுக்கு
என்னிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதற்கு ஒரு இரட்டை உண்டு.
குடலில் வருகிற காசநோய்.
அதே இடத்துப் புண், அதே காய்ச்சல்,
அதே போல இடுப்பில் நிற்காத வேட்டி.
மாற்றிப் போட்டால்
ஒரு பக்கம் ஒன்பது மாத மாத்திரை வீண்.
மறுபக்கம், நெருப்பில் மண்ணெண்ணெய்.

குனிந்து குனிந்து அவர் கழுத்து கொக்குபோல் ஆனது.
வியன்னாவில் பேசக் கூப்பிட்டார்கள்.
வார்டுபாய் சம்பங்கி கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை
இரவல் வாங்கிப் போனார்.
போட்டோவில் கையை இறக்க முடியாமல் நிற்கிறார்.
அங்கே கைதட்டியது ஒரு கணக்குக்கு:
நாலு கேள்வி கேட்டுக் கூட்டிப் பார்த்தால்
பத்தில் எட்டுப் பேரைச் சரியாகப் பிரித்துவிடலாம்.
மிச்சம் ரெண்டு பேர் என்றேன்.
"அதுக்குத்தானே பஸ் ஏறுறே."

ஓய்வு பெற்ற நாளில்
கலெக்டர் பொன்னாடை போர்த்தினார்.
மாங்கூழ் பேக்டரி முதலாளி மைக்கைப் பிடித்து
என் குடலைக் காப்பாற்றியவர் என்றார்,
சபையில் குடல் என்று சொல்லிவிட்டோமே என
வேர்த்து உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் ஆய்வகத்துக்கு வரச் சொன்னார்.
இழுப்பறையின் அடியில் தீப்பெட்டி அளவு அட்டைப்பெட்டி.
உள்ளே ஒரே ஒரு கண்ணாடிச் சில்லு.
"எழுத்து யாருதுன்னு தெரியுதா?"
என்னுடையதுதான். முதல் வருஷம்,
குண்டு குண்டாக.
எண் போடும் வழக்கம் அப்போது வரவில்லை:
மாதேசன், 23, பர்கூர், கல் குவாரி.

"காசநோய். நான் இன்னொண்ணுன்னு நினைச்சு
ஸ்டீராய்டு கொடுத்தேன்.
பத்தொன்பது நாள்."

மின்விசிறி சுற்றியது.
பொன்னாடை நாற்காலியிலிருந்து நழுவி விழுந்தது,
இருவருமே எடுக்கவில்லை.

பேனா மை சாராயத்தில் கரைந்துபோகும்,
சில்லில் பென்சிலால்தான் எழுதணும் என்று
சேர்ந்த அன்றே சொல்லித் தந்திருந்தார்.
கரையவில்லை.

திங்கட்கிழமை புது டாக்டர் வருகிறார்,
இழுப்பறையைக் காலி செய்தாக வேண்டும்.
அட்டைப்பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
காலி டப்பாக்களோடு ஐஸ் பெட்டியில் வைத்து
பென்னாகரம் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் புதுப் பையன்.
"உங்களுக்கு இலவசம். பெட்டியில என்னம்மா?"
பர்கூர் ஆள் ஒருத்தர் என்றேன்.
சிரித்தான்.
லக்கேஜ் டிக்கெட் கிழிக்காமல்
அடுத்த சீட்டுக்குப் போனான்.